டி-க்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு மறக்கவே மறக்காது. ஜாவாவில் ஒரு ஸ்டாக் எழுதச் சொன்னார்கள். நான் ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு காரியம் செய்தேன். எண்ணும் உள்ளே போகணும், ஸ்ட்ரிங்கும் போகணும், எல்லாத்துக்கும் ஒரே ஸ்டாக் போதும் என்று, உள்ளே வருகிற அத்தனையையும் ஆப்ஜெக்ட் என்றே வைத்துக்கொண்டேன். வெளியே எடுக்கும்போது கேஸ்ட் பண்ணிக்கலாம், அவ்வளவுதானே? கம்பைலர் வாயே திறக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை.

வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னல் பக்கத்தில் நிற்கிறார். ரன் பண்றேன். இன்டிஜர் வரும்னு நான் நம்பியிருந்த இடத்தில் ஸ்ட்ரிங் வந்து நின்றது. ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு எழுத்து. கிளாஸ் கேஸ்ட் எக்செப்ஷன். அவர் கோபப்படவில்லை. கோண அடைப்புக்குறிக்குள்ள டி-ன்னு ஒரு எழுத்து போட்டிருந்தா இது கம்பைல் பண்றப்பவே மாட்டியிருக்குமே தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அன்னைக்கு ராத்திரி அந்த டி-யை யார் முதல்ல யோசிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். நீங்களும் ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ கோலாங்கிலோ ரஸ்டிலோ அதை டைப் பண்ணியிருப்பீங்க. ஆனா அந்த யோசனைக்குப் பெயர் வைத்த மனிதர், டிகிரியில் சுமாரான மார்க் வாங்கியவர், பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத வேலை பார்த்தவர், முப்பத்து நாலு வயதுவரை ஒரு புரோகிராம்கூட எழுதாதவர் என்று தெரிந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. அவர் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போறேன்.

பெரிய வீட்டுப் பிள்ளை

1916 நவம்பர் 16, லண்டன் ஹாம்ஸ்டெட். ஸ்ட்ரேச்சி பிறந்த குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. தாத்தா ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி பிரிட்டிஷ் இந்தியாவில் பெரிய அதிகாரி. அப்பா ஆலிவர், நம்ம நாட்டு ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். பிறகு இரண்டு உலகப் போர்களிலும் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கிற வேலையில் இருந்தவர். சித்தப்பா லிட்டன் ஸ்ட்ரேச்சி புகழ்பெற்ற எழுத்தாளர், வர்ஜீனியா வுல்ஃப் இருந்த அதே ப்ளூம்ஸ்பரி கூட்டத்துக்காரர். அம்மா ரே ஸ்ட்ரேச்சி கணக்குப் படித்தவர், கொஞ்சம் மின் பொறியியலும் படித்தவர், பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய முன்னணித் தலைவர்களில் ஒருவர்.

இங்கே ஒரு சுவாரசியமான சொந்தம் இருக்கு. அம்மாவோட சித்தி ஆலிஸ். அவருடைய கணவராக இருந்தவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். கணிதத்தின் அடித்தளத்தில் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ய டைப் என்கிற கோட்பாட்டையே 1908-ல் முழுசா எழுதிக் கொடுத்தாரே, அதே ரஸ்ஸல். எந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று முன்னாடியே பிரித்து வைத்தால் அபத்தமான வாக்கியங்களை எழுதவே முடியாமல் பண்ணிவிடலாம் என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் சாரம். கம்பைலர் இன்று உங்க கோடில் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் குழந்தை பிறப்பதற்கு முன்பே ரஸ்ஸலும் ஆலிஸும் பிரிந்துவிட்டார்கள். டைப் தியரி வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி வந்துட்டுப் போயிடுச்சு. திரும்பி வர ஐம்பது வருஷம் ஆச்சு.

மூணாவது வருஷம்

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் டாப்பராகத்தானே இருந்திருப்பான் என்று நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். க்ரெஷம்ஸ் பள்ளியில் படித்துவிட்டு 1935-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். புதிர், விளையாட்டு, நண்பர்கள், பேச்சு எல்லாம் உண்டு. படிப்பு மட்டும் சரியாக ஓடவில்லை. மூன்றாவது வருஷம் மனம் உடைந்துபோய் படிப்பை நிறுத்தினார். நெர்வஸ் பிரேக்டவுன் என்று எழுதுகிறார்கள். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதை ஏற்றுக்கொள்ள அவர் தனக்குள்ளேயே நடத்திய போராட்டம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அக்கா பார்பரா பின்னாளில் கருதினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது குற்றம். ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய குற்றம். யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். கணக்கிலிருந்து இயற்பியலுக்கு மாறி 1939-ல் டிகிரி முடித்தார். கிடைத்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப்பிரிவு. ஆராய்ச்சி மாணவராக இடம் வேணும்னா அது போதாது. அந்தக் கதவு அத்தோடு மூடியது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். எங்க விங்கில் ஒருத்தன் ஆறாவது செமஸ்டர் நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். இன்னும் வரலை. நல்லாப் படிக்கிறவன்தான். என்ன ஆச்சுன்னு எங்களில் யாரும் சரியாகக் கேட்கவும் இல்லை. போன மாசம் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: ஒரு வருஷம் போயிடுச்சு, இனிமே வந்து என்னடா பண்றது என்று. நான் இன்னும் பதில் போடலை. அதை இங்கேயே விட்டுட்டு மேலே போவோம்.

வாத்தியார் வேலை

1939-ல் ஒரு டெலிபோன் கம்பெனியில் இயற்பியலாளராகச் சேர்ந்தார். ரேடாருக்கான வால்வு வடிவமைப்பு. அதற்கான சமன்பாடுகளைத் தீர்க்க டிஃபரென்ஷியல் அனலைசர் என்கிற இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கணக்குப் போடும் இயந்திரத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் அது. 1940-ல் அம்மா இறந்துபோனார். போர் முடிந்ததும் அந்த வேலையை விட்டு, 1945-ல் கேன்டர்பரியில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தார். கணக்கும் இயற்பியலும் எடுத்தார். 1949-ல் ஹாரோ பள்ளிக்கு மாறினார்.

1951 ஜனவரி. நண்பர் ஒருவர் மூலமாக, லண்டன் பக்கத்தில் டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய் பைலட் ஏஸ் என்ற கம்ப்யூட்டரைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒரு நாள் பூராவும் மைக் வுட்ஜர் என்பவர் அதை விளக்கினார். திரும்பி வந்த வாத்தியார், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் அந்த மெஷினுக்கு டிராஃப்ட்ஸ் ஆடக் கற்றுக்கொடுக்கும் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். நம்ம செக்கர்ஸ் விளையாட்டுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் எண்களைப் போட்டு எண்களை வாங்குவது. இவருக்கோ விளையாட்டுதான் முதலில் தோன்றியது. ஜூலை கடைசியில் ஓட்டிப் பார்த்தார். பிழைகள். ஓடலை.

அதற்குள் மான்செஸ்டரில் ஃபெரான்டி மார்க் 1 வந்துவிட்டது என்று கேள்விப்பட்டார். மெமரி பெரிசு. அங்கே இருந்தவர் ஆலன் டூரிங். கிங்ஸ் கல்லூரி நாட்களிலிருந்தே தெரிந்தவர். கடிதம் போட்டு, டூரிங் எழுதிய புரோகிராமர் கையேட்டை வாங்கிக்கொண்டார். அந்தக் கையேட்டைப் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. 32-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில், டெலிபிரின்டர் எழுத்துக்களால் கட்டளைகளை எழுத வேண்டும். நாம் ஹெக்ஸாடெசிமலுக்கே அழுகிறோம்.

பாட்டுப் பாடிய மெஷின்

டூரிங் முதல் பயிற்சியாக ஒரு வேலை கொடுத்தார். மெஷின் தன்னைத்தானே நடித்துக் காட்டும்படி ஒரு புரோகிராம். இன்றைய டீபக்கரில் ஒவ்வொரு கட்டளையாக ஸ்டெப் பண்ணிப் பார்க்கிறோமே, அதற்குப் பாட்டன் மாதிரி. பொதுவாகப் புதியவர்கள் சின்னதா ஏதாவது எழுதிக்கொண்டு வருவார்கள். ஹாரோ வாத்தியார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளோடு வந்து நின்றார். ராத்திரி முழுக்க மெஷின் அவர் கையில். விடியும்போது புரோகிராம் ஓடியது. ஓடி முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் தன் ஸ்பீக்கரில் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது. பிழை பார்க்கும்போது சத்தம் எழுப்ப வைத்திருந்த ஸ்பீக்கரை இவர் வாத்தியமாக்கிவிட்டார். 1951-ல் பி.பி.சி. அந்த மெஷின் வாசித்த இசையைப் பதிவு செய்தது. இன்றும் இணையத்தில் கேட்கலாம், தேடிப் பாருங்க. கம்ப்யூட்டர் இசையின் மிகப் பழைய ஒலிப்பதிவாகக் கருதப்படுவது அதுதான்.

1952-ல் டிராஃப்ட்ஸ் புரோகிராமும் ஒரு முழு ஆட்டம் ஆடியது. அதே வருஷம், வார்த்தைகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுத்துக் காதல் கடிதம் எழுதும் புரோகிராம் ஒன்றும் செய்தார். கடிதத்தின் கீழே மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரின் கையெழுத்து இருக்கும். அந்த மெஷினில் தற்செயல் எண்களை உருவாக்கும் வசதியைக் கேட்டு வாங்கி வைத்தவர் டூரிங். அதே 1952-ல்தான் டூரிங் தன்பாலுறவுக்காகக் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டார். 1954-ல் இறந்தும் போனார். ஸ்ட்ரேச்சி வாழ்ந்த உலகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரிவதற்காக இதைச் சொல்றேன்.

அந்த ஒரு ராத்திரி வேலை அவர் வாழ்க்கையை மாற்றியது. கண்டுபிடிப்புகளைத் தொழிலாக்க அரசு வைத்திருந்த தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தில் 1952-ல் வேலை கிடைத்தது. ஹாரோவை விட்டார். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் நதியில் கப்பல் பாதை அமைப்பதற்கான நீர்மட்டக் கணக்குகளுக்கு டொரான்டோ போய் புரோகிராம் எழுதினார். பெகாசஸ் என்ற கம்ப்யூட்டரின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். ஒருத்தர் பிழை திருத்திக்கொண்டு இருக்கும்போதே மெஷின் இன்னொரு வேலையையும் பார்க்கலாம் என்று 1959-ல் பாரிஸ் மாநாட்டில் கட்டுரை படித்தார். ஓ.எஸ். பேப்பரில் மல்டிபுரோகிராமிங் என்று நாம் எழுதும் பதிலின் பழைய வேர்களில் அது ஒன்று.

ஒரே ஆளிடமிருந்து இரண்டு ஆறுகள்

1959-ல் அந்த வேலையையும் விட்டுவிட்டுத் தனியாக ஆலோசகரானார். சம்பாதித்த பணத்தில் ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டார். பெயர் பீட்டர் லேண்டின். அவரிடம் ஒப்படைத்த வேலைகளில், காசு தராத ஒரு வேலையும் இருந்தது: அலான்சோ சர்ச் 1930-களில் உருவாக்கிய லாம்டா கால்குலஸை வைத்துப் புரோகிராமிங் மொழிகளின் பொருளை விளக்க முடியுமா என்று பார்ப்பது. சொந்தக் காசில், கிளையண்டே இல்லாத ஆராய்ச்சி. கன்சல்டன்சி நடத்தும் யாரும் இதைப் பண்ணமாட்டாங்க.

1962-ல் கேம்பிரிட்ஜ் அவரைக் கூப்பிட்டது. கேம்பிரிட்ஜும் லண்டனும் சேர்ந்து சி.பி.எல். என்றொரு புது மொழியை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு மாறிக்கும் டைப் உண்டு, அது கம்பைல் நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மொழி ரொம்பப் பெரிசு. முழுதாகக் கட்டி முடிக்கவே இல்லை. அங்கிருந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து 1967-ல் பி.சி.பி.எல். செய்தார். எளிமைக்காக டைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். அதில் எல்லாமே வெறும் மெஷின் வேர்டு. அதிலிருந்து பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனின் பி. அதிலிருந்து டென்னிஸ் ரிட்சியின் சி. நீங்க முதல் செமஸ்டரில் படிச்ச அதே சி. அதில் டைப் திரும்பி வந்தது, ஆனால் பாதிதான். பொதுவான லிங்க்டு லிஸ்ட் வேணும்னா வாய்ட் பாயின்டர்தான் கதி. உள்ளே என்ன இருக்குன்னு ஞாபகம் வைத்துக்கொள்வது உங்க தலைவலி.

இது முதல் ஆறு. இரண்டாவது ஆறு கோபன்ஹேகனில் கிளம்பியது.

போடு, எண்ணு

1967 ஆகஸ்ட். ஸ்ட்ரேச்சி அப்போது ஆக்ஸ்ஃபோர்டில். புரோகிராமிங் ஆராய்ச்சிக் குழு என்று ஒன்றை அங்கே தொடங்கியிருந்தார். டென்மார்க் தலைநகரில் நடந்த கோடைக்காலப் பள்ளியில் புரோகிராமிங் மொழிகளின் அடிப்படைக் கருத்துகள் பற்றிப் பாடம் எடுத்தார். பழைய வாத்தியார் அல்லவா, தெளிவாகத்தான் எடுத்திருப்பார். அசைன்மென்ட்டின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று நாம் சொல்லும் எல்-வேல்யூ, ஆர்-வேல்யூ வேறுபாட்டை விளக்கும் முக்கியமான பாடம் அது. ஃபங்ஷனையும் எண் மாதிரியே சம மரியாதையோடு நடத்தணும் என்ற வாதமும் அதில் இருக்கு. நமக்கு வேண்டியது பாலிமார்ஃபிசம் பற்றிய பகுதி.

ஒரே பெயர், பல டைப்புகளுக்கு வேலை செய்கிறது. இதில் இரண்டு ரகம் இருக்கு என்று அவர் பிரித்தார். அவர் எடுத்துக்காட்டுகள் வேறு. நான் நம்ம ஊர்ப் பேச்சிலிருந்தே சொல்றேன்.

போடு என்கிற சொல்லைப் பாருங்க. சட்டை போடு, சாப்பாடு போடு, சண்டை போடு, ஃபோன் போடு. சொல் ஒன்றுதான், செய்கிற வேலை ஒவ்வொன்றும் வேறு. கூட என்ன வருதுன்னு பார்த்துத்தான் எந்த வேலைன்னு முடிவு பண்றோம். ஜாவாவில் கூட்டல் குறி இப்படித்தான். முழு எண்ணுக்கு ஒரு வேலை, தசமத்துக்கு இன்னொன்று, ஸ்ட்ரிங்குக்கு ஒட்ட வைக்கிற வேலை. இதற்கு அவர் அட்-ஹாக் பாலிமார்ஃபிசம் என்று பெயர் வைத்தார்.

இப்போ எண்ணு என்கிற சொல். ஆட்டை எண்ணு, காசை எண்ணு, மெஸ்ஸில் தட்டை எண்ணு. வேலை எல்லாத்துக்கும் ஒன்றேதான். எண்ணுகிறவனுக்கு ஆடா காசா என்பது தேவையே இல்லை. இதற்கு அவர் வைத்த பெயர் பாராமெட்ரிக் பாலிமார்ஃபிசம். டைப்பும் ஒரு பாராமீட்டர். ஜெனரிக்ஸ் என்று நாம் படிப்பதன் உயிர் இதுதான்.

மேப் என்கிற ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு இதை விளக்கினார். அதற்கு ஒரு ஃபங்ஷனும் ஒரு லிஸ்ட்டும் கொடுக்கிறீங்க. லிஸ்ட்டில் இருக்கும் ஒவ்வொன்றின் மீதும் அந்த ஃபங்ஷனை ஓட்டி, புது லிஸ்ட் தரும். அதன் டைப்பை எப்படி எழுதுவது? ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்குப் போகும் ஒரு ஃபங்ஷன், கூட ஆல்ஃபாக்களின் லிஸ்ட். கிடைப்பது பீட்டாக்களின் லிஸ்ட். ஆல்ஃபா என்ன என்று சொல்லவே இல்லை, கவனிச்சீங்களா? ரோல் நம்பரைக் கொடுத்தால் பெயர் தரும் ஃபங்ஷன் இருந்தால், ரோல் நம்பர் லிஸ்ட் பெயர் லிஸ்ட்டாக மாறும். அதை மார்க் லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டு நீங்க சராசரி போடப் போனால், கம்பைலர் அங்கேயே கையைப் பிடிக்கும். எதை வேணும்னாலும் போடலாம் என்ற சுதந்திரம் இருக்கு. போட்டதுதான் திரும்பி வரும் என்ற உத்தரவாதமும் இருக்கு. என்னோட ஸ்டாக்கில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நான் ஆப்ஜெக்ட் என்று எழுதியபோது உள்ளே போனது என்ன என்பதை நானே கம்பைலரிடமிருந்து மறைத்துவிட்டேன். டி என்று எழுதியிருந்தால், என்ன என்று இப்போ தெரியாது, ஆனால் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒன்றே என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தது போல.

இதில் இன்னொரு அழகு இருக்கு. ஆல்ஃபா லிஸ்ட் வாங்கி ஆல்ஃபா லிஸ்ட் தரும் ஒரு ஃபங்ஷனை நீங்க எழுதினால், அது என்னவெல்லாம் செய்ய முடியும்? வரிசையை மாற்றலாம், சிலதை விடலாம், சிலதை ரெண்டு தடவை போடலாம். புதுசா ஒரு பொருளை உருவாக்க முடியாது. ஆல்ஃபா என்னவென்றே அதற்குத் தெரியாதே! ஃபங்ஷனுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அதைப் பற்றி நமக்கு அவ்வளவு அதிகமாகத் தெரிகிறது. இதை ஜான் ரெய்னால்ட்ஸ் 1983-ல் கணிதமாக நிறுவினார். ஃபிலிப் வாட்லர் 1989-ல், டைப்பை மட்டும் பார்த்தே இலவசமாக எத்தனை தேற்றங்கள் கிடைக்கும் என்று காட்டினார்.

இன்னொரு செய்தி. 1967-ல்தான், கோபன்ஹேகன் பாடத்துக்குச் சில வாரங்கள் முன்பு, இங்கிலாந்தில் வயது வந்த இரு ஆண்களின் தனிப்பட்ட உறவு குற்றம் இல்லை என்று சட்டம் மாறியது. ஸ்ட்ரேச்சிக்கு அப்போது ஐம்பது வயது.

அச்சுக்குப் போகாத நோட்ஸ்

அந்தப் பாடக்குறிப்புகள் புத்தகமாக வரவேண்டியது. வரலை. டைப் அடித்த பிரதிகள் மட்டும் கை மாறிக் கை மாறிச் சுற்றின. நம்ம ஹாஸ்டலில் சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸ் சுற்றுமே, அதே மாதிரி. ஸ்ட்ரேச்சி எழுதியதைத் திருத்திக்கொண்டே இருப்பவர். திருப்தி வராமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டார். முழுமையாக ஒரு ஆய்விதழில் அது அச்சானது 2000-ல். அதற்கு முன்பே உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதைச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

1969-ல் டேனா ஸ்காட் என்ற தர்க்கவியலாளர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து, ஒரு புரோகிராமின் பொருள் என்ன என்பதைக் கணிதப் பொருளாகவே சொல்லும் டினோட்டேஷனல் செமான்டிக்ஸை உருவாக்கினார்கள். 1971-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவரைப் பேராசிரியராக்கியது. கணிப்பியலுக்கு அங்கே முதல் பேராசிரியர். பி.எச்டி. கிடையாது. கையில் இருந்தது 1939-ன் அந்தக் கீழ்ப்பிரிவு இரண்டாம் வகுப்பு டிகிரி மட்டும்.

பிறகு ராபர்ட் மில்ன் என்பவரோடு சேர்ந்து, ஒரு பரிசுப் போட்டிக்காக நீண்ட ஆய்வுரை எழுதினார். கடும் உழைப்பு. அது முடிந்ததும் உடம்பு படுத்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். தேறிவிட்டார் போலத் தெரிந்தது. தேறவில்லை. தொற்றுக் கல்லீரல் அழற்சியால் 1975 மே 18 அன்று, ஐம்பத்தெட்டு வயதில் இறந்தார். அந்த ஆய்வுரையை மில்ன் விரித்து எழுதி 1976-ல் புத்தகமாகக் கொண்டு வந்தார்.

ஆறு திரும்பி வந்தது

அவர் போன பிறகு என்ன ஆச்சு? எடின்பரோவில் ராபின் மில்னர், எம்.எல். என்ற மொழியில் இந்த யோசனைக்கு உடம்பு கொடுத்தார். 1978-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, ஸ்ட்ரேச்சியின் அந்த அச்சாகாத குறிப்புகளைக் குறிப்பிடுகிறது. அதில் நீங்க டைப்பை எழுதக்கூட வேண்டாம், கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும். ஹாஸ்கெல்லும் அந்த வழியில்தான் வந்தது.

ஜாவா 1990-களில் வந்தபோது ஜெனரிக்ஸ் இல்லை. லிஸ்ட் என்றால் ஆப்ஜெக்ட் லிஸ்ட். எடுக்கும்போது கேஸ்ட் பண்ணணும். அதாவது நான் லேபில் பண்ணின தப்பை ஜாவா உலகமே வருஷக்கணக்கில் பண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சின்ன ஆறுதல். 1998-ல் பிராச்சா, ஒடெர்ஸ்கி, ஸ்டவுட்டமைர், வாட்லர் நால்வரும் ஜாவாவுக்கு எப்படி ஜெனரிக்ஸ் சேர்க்கலாம் என்று காட்டினார்கள். அதே இலவசத் தேற்ற வாட்லர்தான். பழைய கோடு உடையக்கூடாது என்பதற்காக, கம்பைலர் டைப்பைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு அதை அழித்துவிடும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் ரன்டைமில் ஒரு லிஸ்ட்டிடம் போய் நீ ஸ்ட்ரிங் லிஸ்டா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. 2004-ல் ஜாவா 5-ல் அது எல்லோருக்கும் வந்தது. கோ மொழியில் 2022 மார்ச்சில், 1.18 பதிப்பில். வாத்தியார் பாடம் எடுத்து ஐம்பத்தஞ்சு வருஷம் கழித்து!

சி வழியாக டைப்பைத் தொலைத்த ஆறும், எம்.எல். வழியாக டைப்பைக் காப்பாற்றிய ஆறும் இன்று உங்க லேப்டாப்பில் ஒன்றாகக் கலந்து ஓடுது. இரண்டுக்கும் மேலே போனால் ஒரே மனிதர் நிற்கிறார்.

இனிமேல் ஒரு ஸ்டாக்கோ கியூவோ டிசைன் பண்ண உட்காரும்போது ஒன்று மட்டும் செய்து பாருங்க. முதலில் கோடு எழுதாதீங்க. இது போடு மாதிரியா, எண்ணு மாதிரியா என்று கேளுங்க. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி எதுவுமே தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வெறும் டி போதும். வரிசைப்படுத்தணும், ஒப்பிடணும் என்றால், ஒப்பிடத் தெரிந்த டி மட்டும் வரலாம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுங்க. கேஸ்ட் போடக் கை போனால், எங்கேயோ கம்பைலரிடம் எதையோ மறைச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

நான் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேனே, அந்த மெசேஜ்? நேற்று ராத்திரி இதை எழுதி முடித்ததும் அவனுக்கு ஃபோன் போட்டேன். ஒரு வருஷம் விட்டுட்டுத் திரும்பி வந்த ஒரு ஆள், பிறகு கீழ்ப்பிரிவு இரண்டாம் வகுப்பு, பிறகு வாத்தியார் வேலை, பிறகு முப்பத்து நாலு வயதில் ஒரு மெஷினைப் பார்த்தது எல்லாத்தையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். ஜெனரிக்ஸ் இன்னும் சரியாகப் புரியலைடா, வந்தா சொல்லித் தருவியா என்று கேட்டான். வா, சொல்லித் தரேன் என்றேன். ரூமில் அவன் கட்டிலில் குவித்து வைத்திருந்த என் துணிகளை இன்னைக்குக் காலையில் எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.